கல்லான பவளமும் ஆம்பரும்: கையைக் கடிக்காத விலையில் ரஃப் எங்கே?

11 ஜூன் 2023. கருங்கல் ஊரிலிருந்து ஒரு கேள்வி

வீட்டுத் திண்ணையில் சின்னதாக ஒரு சாணை போட்டு, ஒரு வருஷமாக அகேட்டும் ஜாஸ்பரும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அடுத்ததாக ஆம்பரும் (மரப்பிசின் படிமம்) ஃபாசில் கோரலும் (கல்லான பவளம்) செய்து பார்க்க ஆசை. ரஃப், அதாவது அறுக்காத கட்டி, எங்கே வாங்கலாம், என்ன விலை வரை போகலாம்? இன்னொன்று. நாம் கடலோரத்திலேயே இருக்கிறோம். கன்னியாகுமரிக் கடைகளில் வெள்ளைப் பவளப்பூ பார்த்திருக்கிறேன். அதையே வாங்கி அறுத்தால் செலவு மிச்சம்தானே?

11 ஜூன், இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். அந்த வெள்ளைப் பவளம் உயிரோடு பிடுங்கியதோ, செத்துக் கரை ஒதுங்கியதோ, சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பாறைப் பவளங்களைச் சேர்த்தார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியிருந்த பவளத்தை ஒரு காலத்தில் வெட்டி எடுத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டன. ஒரு மோதிரக் கல்லுக்காக அந்தக் கணக்கில் நாமும் சேர வேண்டாம்.

சட்டத்தை விடுங்கள், கல்லாகப் பார்த்தாலும் அது உதவாது. அது அராகோனைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். வைரத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவில் கடினம் 3.5 முதல் 4. உள்ளெல்லாம் துளை. சாணையில் வைத்தால் சுண்ணாம்பு மாவாகக் கொட்டும், பளபளப்பு வராது.

நாம் தேடும் ஃபாசில் கோரல் வேறு. லட்சக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்து, சுண்ணாம்பு கரைந்து போன இடத்தில் சிலிக்கா (குவார்ட்ஸ் வகை) வந்து உட்கார்ந்தது. பவளத்தின் உருவம், அகேட்டின் உடம்பு. கடினம் 6.5 முதல் 7. சந்தையில் கிடைப்பதில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து, ஜாவா, சுமத்ரா பக்கம். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் டாம்பா வளைகுடாவிலும் உண்டு. 1979இல் அதை அந்த மாநிலத்தின் கல்லாகவே அறிவித்தார்கள். மிச்சிகனின் பெடோஸ்கி கல்லும் பவளப் படிமம்தான், ஆனால் அது சிலிக்காவாக மாறாமல் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமமாகவே நின்றது. அதைப் பற்றிப் பிறகு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிடைக்குமா என்று அடுத்து கேட்பீர்கள். இங்கே மலை முழுக்க சார்னோக்கைட்டும் கொண்டலைட்டும். பூமிக்கு அடியில் வெந்து உருமாறிய பாறை. அதில் எந்தப் படிமமும் தங்காது.

12 ஜூன்

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், முக்கியமானது. துறைமுகத்துப் பக்கம் போய் "ஆம்பர் கிடைக்குமா" என்று கேட்காதீர்கள்.

நான் கேட்டிருக்கிறேன். ஐந்தாறு வருஷத்துக்கு முன், குளச்சலில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம். நான் நினைத்தது மரப்பிசின் படிமத்தை. அவர் காதில் விழுந்தது அம்பர், அதாவது திமிங்கல வாந்தி என்று செய்தித்தாள்கள் எழுதும் அம்பர்கிரீஸ். கையிலிருந்த ஊசியை அப்படியே கீழே வைத்துவிட்டு, "அண்ணாச்சி, அந்தப் பேச்சே எடுக்காதீங்க. போலீசு பிடிச்சிட்டுப் போவான்" என்றார். அவர் சொன்னது சரி. அது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உண்டாவது. அதை வைத்திருப்பதும் விற்பதும் இந்தியாவில் குற்றம். பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. போனில் கடைக்காரரிடம் பேசும்போதுகூட நான் "மரப்பிசின் ஆம்பர், மணி செய்கிற ஆம்பர்" என்று சேர்த்தே சொல்கிறேன்.

18 ஜூன்

இன்று ஞாயிறு, மழை, கரண்ட் இல்லை. உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது.

ஃபாசில் கோரல் முதலில் வாங்கியது ஜெய்ப்பூரிலிருந்து, கூரியரில். கிலோ 1,400 ரூபாய், அனுப்பும் செலவு தனி. 11 கட்டிகள் வந்தன. வெளியே எல்லாம் ஒரே மாதிரி பழுப்பு, ஏதோ செங்கல் உடைசல் போல. அறுத்த பிறகுதான் தெரிந்தது: நான்கில் நல்ல பூ (பவளத்தின் பூப்போன்ற வடிவம்), மூன்றில் வெறும் கோடு, இரண்டில் உள்ளே முழுக்கப் பொந்து, மிச்சம் இரண்டு சாணையில் வைத்ததும் பொடிந்தன. அதாவது நான்கு கட்டிக்குத்தான் நான் 1,400 கொடுத்தேன். பலகையாக அறுத்து, கேப் வடிவம் (அடி தட்டை, மேலே உருண்டை) எடுத்து, பாலிஷ் முடிந்தபோது தேறியது 9 கல். ஒரு கல்லுக்கு 155 ரூபாய் சொச்சம். பிளேடு தேய்மானம், கரண்ட் சேர்க்காமல்.

அன்றிலிருந்து கிலோ விலையை நான் பார்ப்பதே இல்லை. எத்தனை கல் தேறும் என்றுதான் பார்க்கிறேன். அடுத்த தடவை இன்னொரு கடையில் கிலோ 2,300 சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு கட்டியிலும் ஒரு ஓரம் அறுத்து, தண்ணீர் தொட்டுப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். பூ கண்ணுக்குத் தெரிந்தது. 8 கட்டி, 26 கல். எது மலிவு என்று நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இதுதான்: அறுத்த முகம் காட்டுவீர்களா? அதைத் தண்ணீர் போட்டு ஒரு படம், துடைத்துக் காயவைத்து ஒரு படம். ஈரத்தில் எல்லாக் கல்லும் அழகு. காய்ந்த படத்தில்தான் விரிசலும் சுண்ணாம்புத் திட்டும் தெரியும்.

19 ஜூன்

தக்கலை நண்பர் ஒருவர் கேட்டது: வந்த கட்டி சிலிக்காவா, கால்சைட்டா, எப்படித் தெரியும்? பேனாக்கத்தி நுனியால் கீறுங்கள். கீறல் விழுந்தால் கால்சைட். கத்தியின் இரும்புதான் கல்லில் கோடாக ஒட்டுகிறது என்றால் சிலிக்கா. இல்லையென்றால் ஒரு ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டி, அந்தப் பொடியில் வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கால்சைட்.

பாதி அது, பாதி இது என்று கலந்து வருவதுதான் தொல்லை பிடித்த கட்டி. மெத்தென்ற பகுதி சீக்கிரம் தேய்ந்து பள்ளம் விழும், கடினமான பகுதி மேடாக நிற்கும். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அம்மி கொத்தினது மாதிரிதான் இருக்கும். அப்படிப்பட்டதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

முழுக் கால்சைட்டாக இருந்தால் மோசமில்லை. பெடோஸ்கி கல்லை மிச்சிகனில் வீட்டுப் பிள்ளைகளே மெஷின் இல்லாமல் தேய்க்கிறார்கள்: 220, 400, 600 உப்புத்தாள், எல்லாம் தண்ணீரில், கடைசியில் வெல்வெட் துணியில் பாலிஷ் பொடி. மோதிரத்துக்கு ஆகாது, கீறல் விழும். சங்கிலியில் தொங்கும் டாலருக்குப் போதும்.

2 ஜூலை

சரி, ஆம்பர்.

பால்டிக் ஆம்பருக்கு விலை கிராமில்தான். ஆனால் எல்லாக் கிராமுக்கும் ஒரே விலை கிடையாது. 20 கிராம் ஒற்றைக் கட்டியும் 2 கிராம் துண்டுகள் பத்தும் எடை ஒன்றுதான். ஒற்றைக் கட்டி பல மடங்கு விலை. கையைக் கடிக்காமல் தொடங்க வேண்டுமென்றால் 2 முதல் 5 கிராம் வரை உள்ள சின்னத் துண்டுகள் வாங்குங்கள். மணிக்கும் கம்மலுக்கும் அது தாராளம். பால்டிக் பெரும்பாலும் ரஷ்யாவின் கலினின்கிராட் சுரங்கத்திலிருந்து வருவது, ஏறக்குறைய 4 கோடி வருஷம் பழசு.

அதைவிட மலிவு சுமத்ரா ஆம்பர். நிலக்கரியோடு சேர்ந்து வருவதால் மேலே கன்னங்கரேல் என்றிருக்கும். விளக்கில் பார்த்தால் கருப்பட்டிப் பாகு நிறம். வெயிலில் கருப்புத் துணிமேல் வைத்தால் மேல்பரப்பில் ஒரு நீலம் மிதக்கும். நான் முதன்முதலாகப் பார்த்தது எங்கள் வீட்டு மொட்டைமாடியில். துணி காயப்போட வந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கல்லை எடுத்து, நிழலுக்குக் கொண்டுபோய், மறுபடி வெயிலுக்குக் கொண்டுவந்து, நாலைந்து தடவை அப்படியே செய்துகொண்டிருந்தார்.

பர்மா ஆம்பரை நான் வாங்குவதில்லை, உங்களையும் வாங்கச் சொல்ல மாட்டேன். 9.9 கோடி வருஷம் பழசு, கல்லும் நல்ல கடினம், எல்லாம் சரி. ஆனால் கச்சின் மாநிலத்தில் அந்தச் சுரங்கங்களுக்காக ரத்தம் சிந்தியிருக்கிறது. 2020இல் ஆராய்ச்சியாளர்களிலேயே ஒரு பகுதியினர் அந்த ஆம்பரைத் தொடவேண்டாம் என்று எழுதினார்கள்.

கோபால் என்ற பெயரில் மடகாஸ்கரிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வருவது இளம் பிசின். வயது நூறுகளில் அல்லது ஆயிரங்களில். உள்ளே பெரிய பூச்சி, தெளிந்த தேன் நிறம், ஆசை காட்டும் விலை, மேலே "ஆம்பர்" என்ற சீட்டு. கோபால் என்று சொல்லி விற்றால் தப்பில்லை.

9 ஜூலை

உப்புத் தண்ணீர்ச் சோதனை. ஆம்பரின் அடர்த்தி 1.05 முதல் 1.10. கடல் தண்ணீர் 1.025. அதனால் நம் கடலில் போட்டால் பெரும்பாலும் முழுகும். கெட்டியான உப்புத் தண்ணீரில் மிதக்கும்.

போன மார்ச்சில் சுவாமித்தோப்பு உப்பளத்தில் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் கேட்டு, உப்பு பூக்கும் நிலையில் இருந்த பாத்தித் தண்ணீர் ஒரு கேன் வாங்கி வந்தேன். அங்கே தண்ணீரின் கெட்டியை டிகிரியில் சொல்வார்கள். 25 டிகிரி வந்தால் உப்பு விழத் தொடங்கும், அப்போது அடர்த்தி 1.21 கிட்டே. வீட்டிலேயே செய்ய 100 மில்லி தண்ணீரில் 35 கிராம் கல்லுப்பு கரைத்தால் போதும். ஆம்பர் தக்கை மாதிரி மேலே வந்து நிற்கும். பேக்கலைட் என்ற பழைய காலப் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் அடியில் உட்காரும். இது ஒன்றே போதும், வேறு சோதனை வேண்டாம்.

15 ஜூலை

போன ஞாயிறு நான் எழுதிய கடைசி வரியை எடுத்துவிடுங்கள். அது தவறு.

மிதப்பதெல்லாம் ஆம்பர் ஆகாது. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும் 1.05தான், அதுவும் மிதக்கும். கோபாலும் மிதக்கும். ஆக உப்புத் தண்ணீர் சொல்வது "முழுகுகிறது என்றால் ஆம்பர் இல்லை" என்பதை மட்டும். மிதந்தால் அடுத்த சோதனைக்குப் போக வேண்டும்.

இதை நேரில் பார்க்க வேண்டுமென்று கோட்டார் நாட்டு மருந்துக்கடையில் வெள்ளைக் குங்கிலியம் 50 கிராம் வாங்கினேன். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரத்தின் பிசின்தான். அதில் பட்டாணி அளவு ஒன்று, சுமத்ரா ஆம்பர் துண்டு ஒன்று, பால்டிக் ஒன்று. மூன்றும் உப்புத் தண்ணீரில் மிதந்தன. துடைத்துவிட்டு, நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் மூன்றிலும் ஒவ்வொரு சொட்டு வைத்து, அரை நிமிஷம் கழித்து விரலால் தொட்டேன். குங்கிலியம் விரலில் ஒட்டிக்கொண்டு நூலாக இழுத்தது, பலாப்பால் போல. பால்டிக் அசையவில்லை.

சுமத்ரா லேசாகப் பிசுபிசுத்தது. அதில்தான் நான் நின்றுவிட்டேன். போலியை வாங்கிவிட்டேனா என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

16 ஜூலை

தேடிப் படித்ததில் விஷயம் விளங்கியது. பால்டிக் ஆம்பரின் வேதியியல் வேறு, தென்கிழக்கு ஆசிய ஆம்பரின் வேதியியல் வேறு. சுமத்ரா ஆம்பரைத் தந்தது டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள். நம் வெள்ளைக் குங்கிலிய மரமும் அதே குடும்பம். குஜராத்தில் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைக்கும் கம்பே ஆம்பரும் அப்படித்தான். 5 கோடி வருஷத்துக்கு மேல் பழசு, ஆனாலும் டொலுயீன் மாதிரியான கரைப்பானில் கரைந்துவிடுகிறது. 2010இல் அதை ஆராய்ந்தவர்கள் உள்ளே இருந்த பூச்சியை முழுசாக வெளியே எடுத்ததே அப்படித்தான்.

ஆகவே அசிட்டோன் சோதனை பால்டிக்குக்குச் சரி. சுமத்ராவுக்கு அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். என் துண்டு நல்ல துண்டுதான். வெயிலில் அந்த நீலம் இருக்கிறது.

கோட்டாரில் சாம்பிராணித் தட்டுக்கு அள்ளிப்போடும் குங்கிலியமும், 5 கோடி வருஷத்துப் பூச்சியை மூடிவைத்த பிசினும் ஒரே குடும்பம் என்று தெரிந்த பிறகு, சனிக்கிழமை மாலை வீட்டில் புகை போடும்போது அந்த வாசனையை நான் கொஞ்சம் நின்று கவனிக்கிறேன். ஆம்பர் தூளைச் சூடான ஊசியால் தொட்டால் வருவதும் இதற்குப் பக்கத்து வாசனைதான். பிளாஸ்டிக் என்றால் மூக்கைப் பொத்த வைக்கும்.

30 ஜூலை

தேங்காய்ப்பட்டணத்து நண்பர் ஒருவர் தன் வாப்பா வளைகுடாவிலிருந்து 1970களில் கொண்டுவந்த தஸ்பீஹை, அதாவது ஜெபமாலையைக் காட்டினார். ஆழ்ந்த செர்ரி நிறம், கையில் நல்ல கனம். ஆம்பர் என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒற்றை மணி ஒன்று தனியாக இருந்தது. அதை உப்புத் தண்ணீரில் போட்டோம், நேராக அடியில் போனது. வெந்நீரில் நனைத்துத் தேய்த்தால் ஆஸ்பத்திரி கார்பாலிக் வாசனை. 1907இல் கண்டுபிடித்த பேக்கலைட் வகை. நண்பர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். அப்புறம், "வாப்பா கையில 40 வருஷம் உருண்டிருக்கு, அது போதும்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உண்மையிலேயே அந்தப் பழைய பேக்கலைட் மணிகளைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆம்பர் ரஃப் என்று சொல்லி செர்ரி நிறக் கட்டை விற்றால் வாங்காதீர்கள்.

யுனானி மருந்தில் ஆம்பருக்குக் கஹ்ருபா என்று பெயர். பாரசீகத்தில் வைக்கோலை இழுப்பது என்று அர்த்தம். துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும். பிளாஸ்டிக்கும் இழுக்கும், எனவே இது சோதனை இல்லை, பெயருக்காகச் சொன்னேன்.

20 ஆகஸ்ட்

முதல் ஆம்பர் கேப்பை எடுத்துக்கொண்டு வடசேரி போனேன். கோயில் நகை செய்யும் ஆசாரி, எழுபதைத் தாண்டியவர். கெம்புக் கல்லை அரக்கில் பதித்துப் பதித்துக் கை பழகியவர். கல்லை உள்ளங்கையில் வாங்கித் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"மக்கா, இது என்ன கல்லு? வெயிட்டே இல்லியே."

"கல்லு இல்ல அண்ணாச்சி, மரப்பிசினு. கோடிக்கணக்கான வருஷம் பழசு."

"பிசினா? அப்பம் நெருப்பு காட்டப்பிடாதே. நான் அரக்கை உருக்கி ஊத்துனா இதுவும் சேர்ந்துல்லா உருகும்."

ஒரு தடவை தொட்டதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. நான் புரிந்துகொள்ள இரண்டு துண்டு போனது. டாப் குச்சியில் (தேய்க்கும்போது கல்லை ஒட்டிப் பிடிக்கும் குச்சி) அரக்கைக் காய்ச்சி ஆம்பரை ஒட்டப் போய், உள்ளே சல்லிசல்லியாக வெடிப்பு விழுந்துவிட்டது. இப்போது இரட்டைப் பக்க டேப், அல்லது ஒரு துளி சூப்பர் குளூ. ஃபாசில் கோரலுக்கு அரக்கு தாராளமாக வைக்கலாம்.

கடைசியில் சின்ன வெள்ளிக் கூடு செய்து, நெருப்பு வேலை எல்லாம் முடித்து ஆறவைத்த பிறகு ஆம்பரை வைத்து, விளிம்பை மட்டும் மடக்கித் தந்தார். கூலி வாங்கும்போது, வயலெட் நிறக் கல் இருந்தால் கொண்டுவா என்றார். வயலெட்டில் ஆம்பர் கிடையாது என்றேன்.

3 செப்டம்பர்

வேலை முறை கேட்டிருந்தீர்கள்.

ஆம்பரின் கடினம் 2 முதல் 2.5. நகைக்காரர் ரம்பத்தால் கையில் அறுக்கலாம். வேகம் கூடாது, சூடு கூடாது. மெஷினே வேண்டாம், தண்ணீரில் 400, 600, 1000, 2000 உப்புத்தாள், பிறகு ஈரத் துணியில் அலுமினா பொடி. மேல்தோல் நீக்கும்போதே நிறைய எடை போய்விடும். என் முதல் 48 கிராம் ரஃப்பிலிருந்து பாலிஷ் முடிந்து நின்றது 19 கிராம். வாங்கும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

ஃபாசில் கோரலுக்கு டயமண்ட் பிளேடு, தண்ணீர் கட்டாயம். 80ஆம் நம்பர் சாணையில் வடிவம், பிறகு 220, 600, 1200, கடைசியில் ஃபெல்ட் சக்கரத்தில் சீரியம் ஆக்சைடு. பொந்து இருந்தால் தேய்ப்பதற்கு முன்பே எபாக்ஸி விட்டுக் காயவையுங்கள்.

தூசி விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறேன். இது சிலிக்கா. குஜராத்தின் காம்பத் ஊரில் அகேட் தேய்க்கும் குடும்பங்களில் எத்தனை பேர் நுரையீரல் கல்லாகிப் போனார்கள் என்று படித்துப் பாருங்கள். காய்ந்த கல்லை ஒரு நிமிஷம்கூடத் தேய்க்காதீர்கள். தேய்த்த சேறு காய்ந்து தரையில் கிடந்தால் அதுவும் தூசிதான், ஈரத் துணியால் துடையுங்கள். முகமூடி நல்லதாகப் போடுங்கள், கைக்குட்டை போதாது.

இன்னொருவர் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கார்னெட் இருக்கிறதே, அதைத் தேய்ப்புப் பொடியாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அந்த மணலில் மோனசைட் என்ற கனிமமும் இருக்கிறது, அதில் கதிர்வீச்சுள்ள தோரியம். வீட்டுக்குள் கொண்டுவந்து அரைக்க வேண்டாம். சிலிக்கன் கார்பைடு பொடி மலிவாகவே கிடைக்கிறது.

22 அக்டோபர்

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்தேன், சுமத்ரா 100 கிராம். கல் விலையும் தபால் செலவும் ஏறக்குறைய சமம். அதற்கு மேல் சுங்க வரி. மூன்றையும் கூட்டினால் ஜெய்ப்பூர்க்காரர் சொன்ன விலைதான் வந்தது. மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே பொட்டலமாக வாங்கினால் மட்டும் லாபம். ஃபாசில் கோரல் என்றால் பில்லில் "சிலிக்காவான படிமம்" என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வனவிலங்கு வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் (CITES) பவளக் கட்டுப்பாட்டில் படிமங்கள் சேராது. ஆனால் பொட்டலத்தைப் பிரிப்பவருக்கு அது பார்வைக்குப் பவளம்தானே. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

5 நவம்பர்

ஜூன் 18இல் எழுதியதைத் திருத்த வேண்டும். 11 கட்டியில் மூன்றில் "வெறும் கோடு" என்று எழுதியிருந்தேன். அந்த மூன்றும் கட்டிலுக்கு அடியில் ஒரு டப்பாவில் கிடந்தன. நேற்று ஒன்றை எடுத்து நனைத்துப் பார்த்தபோது கோடெல்லாம் ஒரே திசையில் ஓடுவது தெரிந்தது. பவளத்தின் குழல்கள் அப்படித்தான் ஓடும். நான் முதலில் அறுத்தது குழலின் நீளவாக்கில். வாழைத்தண்டை நெடுக்கப் பிளந்தால் நார்தான் தெரியும், குறுக்கே வெட்டினால்தானே வட்டம்.

கோட்டுக்குக் குறுக்காகப் பிடித்து மறுபடி அறுத்தேன். பிளேடு வெளியே வந்ததும் தண்ணீரில் அலசினேன். முகம் முழுக்கப் பூ. ஒரு பூவை லென்ஸ் வைத்து எண்ணினேன்: நடுவிலிருந்து கிளம்பும் பெரிய தடுப்பு ஆறு, அவற்றுக்கு நடுவே சற்றுச் சின்னது ஆறு, மறுபடி இடைவெளியில் மயிரிழை மாதிரி பன்னிரண்டு. மொத்தம் 24. இன்றைக்கும் கடலில் வளரும் பாறைப் பவளம் இதே ஆறின் கணக்கில்தான் தடுப்பு கட்டுகிறது.

மூன்று கட்டியிலும் சேர்த்து 10 கல் தேறும் போலிருக்கிறது. அப்படியானால் அந்த முதல் கிலோ நான் சொன்ன அளவுக்கு மோசமில்லை, 19 கல். அந்தக் கடைக்காரரைப் போனில் கொஞ்சம் கடிந்து பேசியிருந்தேன். இன்று கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

கருங்கல் நண்பருக்கு: கட்டியை வாங்கியதும் முதலில் நனைத்து, கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள், பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுக்கொண்டு அப்புறம் அறுங்கள். மிச்சமிருக்கும் இரண்டு கட்டியில் ஒன்றை உங்களுக்காக அறுக்காமல் வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு பார்வதிபுரம் வர முடியுமா?